செமி டிரக் வெளிவிளக்குகள்: லைட் பாரும் பேனலும் வாங்குவது, பொருத்துவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சாலைகளில் டிரெய்லர் இழுத்து ஓடும் நீள மூக்கு டிரக்குகளை, அதாவது பீட்டர்பில்ட் 379, 389, கென்வொர்த் டபிள்யூ900 போன்றவற்றை, மனத்தில் வைத்து எழுதியது இது. எல்லாம் 12 வோல்ட் வண்டிகள். சட்டம் பற்றிச் சொல்வது அமெரிக்க மத்திய விதிகள். கனடாவில் இதே வேலையைச் செய்யும் விதி சி.எம்.வி.எஸ்.எஸ். 108. அங்கே ஓட்டுபவர்கள் தங்கள் மாகாணச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

லைட் பார், லைட் பேனல், எல்.ஈ.டி. பார் என்று கடையில் மூன்று வகை காட்டுகிறார்கள். எனக்கு எது வேண்டும்?

லைட் பார் என்பது வரிசையாகச் சிறு விளக்குகள் பதித்த எவர்சில்வர் பட்டை. ஏர் கிளீனர் உருளையின் முன்னாலோ பின்னாலோ, பம்பருக்கு அடியில், பின்பக்கம் மட்ஃபிளாப்புக்கு மேலே என்று வரும். பேனல் என்பது கேபினுக்கும் ஸ்லீப்பருக்கும் (ஓட்டுநர் தூங்கும் பின்னறை) அடி விளிம்பில் ஓடும் தகடு. இவை இரண்டும் வண்டி இருக்குமிடத்தைப் பிறருக்குக் காட்டும் விளக்குகள். எல்.ஈ.டி. பார் என்று தனியாக விற்பது சாலையை வெளிச்சமாக்கும் பெருவிளக்கு. அதற்கான வயரும் சட்டமும் வேறு. அதைப் பற்றிப் பின்னால் தனிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்கும் முன் முழு வண்டிக்கும் ஒரு திட்டம் போடுங்கள். இந்த மாதம் ஏர் கிளீனர் பார், அடுத்த மாதம் பேனல் என்று வாங்குவதில் தவறில்லை. ஆனால் விளக்கின் வகையும் இரண்டு விளக்குக்கு நடுவே உள்ள தூரமும் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். ஒன்றில் முக்கால் அங்குல விளக்கு, இன்னொன்றில் இரண்டு அங்குல விளக்கு, ஒன்றில் தெளிவான கண்ணாடி, மற்றதில் மஞ்சள் கண்ணாடி என்றானால், எவ்வளவு செலவழித்தாலும் பழைய சாமான் கடையிலிருந்து பொறுக்கியது போலத்தான் தெரியும்.

ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன அளவு தர வேண்டும்?

மாடலும் ஆண்டும் மட்டும் போதாது. திருப்பி அனுப்பப்படும் பேனல்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிசகுகின்றன.

ஸ்லீப்பரின் நீளம் வேண்டும். பீட்டர்பில்ட்டில் 36, 48, 63, 70 அங்குலம் என்றும், கென்வொர்த்தில் 38, 62, 72, 86 என்றும் பல நீளங்கள் உண்டு. பழைய வண்டி வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளர் ஸ்லீப்பரை மாற்றியிருக்கலாம். ஆகவே பதிவுத் தாளை நம்பாமல் டேப் வைத்து அளக்கவும். அடுத்து, புகைக்குழாய் எங்கே ஏறுகிறது: கேபினுக்குப் பின்னாலா, ஸ்லீப்பருக்குப் பின்னாலா. பிறகு கேபினுக்கு அடியில் என்ன இருக்கிறது: படிக்கட்டு, பேட்டரிப் பெட்டி, டூல் பாக்ஸ், டி.பி.எஃப். (புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) உறை, டெஃப் (புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல்) டேங்க். 2007 புகை விதிக்குப் பின் டி.பி.எஃப். வந்தது, 2010 விதியோடு டெஃப் டேங்க் வந்தது. அதனால்தான் 379-க்கு வெட்டிய பேனல் 389-இல் நேராக உட்காரும் என்று சொல்ல முடிவதில்லை. இன்ஜின் சூடேற்றும் பிளாக் ஹீட்டரின் பிளக் பேனல் வரும் இடத்தில் இருந்தால் அதற்கும் வெட்டு விடச் சொல்லுங்கள்.

ஏர் கிளீனரின் விட்டத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். உருளையைச் சுற்றி டேப் பிடியுங்கள். சுற்றளவு 47 அங்குலத்தைச் சற்றுத் தாண்டினால் அது 15 அங்குல உருளை. 41-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் 13 அங்குலம். முன்பக்க பார் வாங்கினால் பானெட் முன்னோக்கிச் சாயும்போது உரசுகிறதா, பின்பக்க பார் என்றால் கதவு முழுதாகத் திறக்கிறதா என்பதையும் ஒரு அட்டையை வெட்டி வைத்துப் பார்த்துவிடலாம்.

304 என்கிறார்கள், 430 என்கிறார்கள். விலை வித்தியாசத்துக்கு ஏற்ற பலன் உண்டா?

உண்டு. 304 எவர்சில்வரில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 430-இல் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். புத்தம் புதிதாக இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் மெக்னீசியம் குளோரைடு கரைசலும் பட்ட பிறகு தெரியும். 430-இல் விளக்கு ஓட்டைகளின் ஓரத்திலும் மடிப்பிலும் பழுப்புப் புள்ளிகள் முதலில் வரும். டெக்சஸ், அரிசோனா பக்கமே ஓடும் வண்டிக்கு 430 போதும். சிகாகோ, டெட்ராய்ட், டொராண்டோ பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்கள் 304-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

காந்தம் வைத்துச் சோதிக்கலாம்: 430-இல் நன்றாக ஒட்டும், 304-இல் ஒட்டாது. ஆனால் தகட்டின் சமமான பகுதியில் வைத்துப் பாருங்கள். 304-ஐ மடித்தாலோ துளைத்தாலோ அந்த இடத்தில் மட்டும் லேசான காந்த ஈர்ப்பு வந்துவிடும். மடிப்பில் வைத்துப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

தகட்டின் கனம்?

16 கேஜ் என்றால் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் என்றால் சுமார் 1.3 மி.மீ. எண் ஏற ஏற கனம் குறையும். மேலும் கீழும் மடிப்பு உள்ள பேனலுக்கு 18 போதும், மடிப்பே விறைப்பைத் தந்துவிடும். மடிப்பில்லாத நீளத் தகடு, பம்பருக்கு அடியில் தொங்கும் பார், பின்பக்க பார் ஆகியவை 16-க்குக் குறையக் கூடாது. மெல்லிய நீளத் தகடு ஓட்டத்தில் அதிர்ந்து, விளக்கு ஓட்டையின் ஓரத்திலிருந்து விரிசல் விடும்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை விளக்கு வைக்கலாம்? இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது?

பேனலின் நீளத்திலிருந்து இரு முனைகளிலும் விடும் ஓரத்தைக் கழித்து, விளக்குகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கவும். 60 அங்குலப் பேனல், இரு முனையிலும் 3 அங்குலம், 10 விளக்கு: 54-ஐ 9-ஆல் வகுத்தால் 6 அங்குலம்.

கேபின் பேனலுக்கும் ஸ்லீப்பர் பேனலுக்கும் இதைத் தனித்தனியாகப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இரண்டும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டுமென்றால், கேபினின் கடைசி விளக்குக்கும் ஸ்லீப்பரின் முதல் விளக்குக்கும் நடுவிலும் அதே 6 அங்குலம் வர வேண்டும். பேனல்களுக்கு நடுவே ஓர் அங்குல இடைவெளி இருந்தால், அந்தப் பக்க ஓரங்கள் இரண்டரை அங்குலம் ஆகும். அந்த இடைவெளியை மூட ஒரே தகட்டை இரண்டின் மீதும் போடக் கூடாது. கேபினும் ஸ்லீப்பரும் தனித்தனியாக அசையும் வண்டிகளில் தகடு நெளியும், அல்லது போல்ட் துளை கிழியும்.

எண்ணிக்கை குறித்து எங்கள் கருத்து: 4 அங்குலத்துக்கு ஒன்று என்று நெருக்கி வைப்பதைவிட, 6 அங்குலத்துக்கு ஒன்று வைத்து மிச்சப் பணத்தை வயரிலும் பிளக்கிலும் போடுங்கள். ஒரு விளக்கு அணைந்தாலும் வரிசை பல்லுப் போனது போலத் தெரியும். விளக்கு கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

முக்கால் அங்குல விளக்கா, இரண்டு அங்குல விளக்கா? இரண்டு வயரா, மூன்று வயரா?

நான்கு அங்குலத்துக்குக் குறைந்த உயரமுள்ள பேனலில் முக்கால் அங்குலமே அழகு. ஏர் கிளீனர் பாரிலும் பம்பரிலும் இரண்டு அங்குல வட்டம் எடுப்பாக இருக்கும். பெரும்பாலான முக்கால் அங்குல விளக்குகள் குண்டுமுனை பிளக்கோடு வரும். இரண்டு, இரண்டரை அங்குல விளக்குகளில் பெரும்பாலும் பி.எல்.-10 என்ற இரண்டு முள் பிளக். அதற்கான எதிர்ப்பகுதியைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். விளக்கின் பெயரளவு வேறு, துளையின் அளவு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ரப்பர் கிராமெட் (துளையின் ஓரத்தில் மாட்டும் வளையம்) வைத்துப் பொருத்தும் விளக்குக்குத் துளை பெரிதாக வேண்டும். விளக்கின் பெட்டியில் இருக்கும் அளவைப் பார்த்த பிறகே தகட்டில் கை வையுங்கள்.

இரண்டு வயர் விளக்கு எரியும், அணையும், அவ்வளவுதான். மூன்று வயர் விளக்கு மார்க்கராக, அதாவது வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் விளக்காக, மெல்ல எரிந்து, இண்டிகேட்டர் போட்டால் பிரகாசமாகச் சிமிட்டும். பக்கத்து வரிசை முழுவதும் மூன்று வயர் வேண்டியதில்லை. ஏர் கிளீனர் பாரிலும் பேனலின் இரு முனைகளிலும் வைத்தாலே அடுத்த லேனில் வருபவருக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடி ஒட்டாமல் வெறுமனே அழுத்திப் பொருத்தியிருக்கும் மலிவு விளக்குகள் வேண்டாம். இரண்டு மழையில் உள்ளே பனி படியும். பின்புறம் முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

எந்த நிறம் எங்கே? போலீஸ் நிறுத்தினால்?

வண்டித் தயாரிப்புக்கான மத்திய பாதுகாப்பு விதி எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 108. ஓடும் வண்டிகளுக்கு 49 சி.எஃப்.ஆர். (மத்திய விதித் தொகுப்பு) 393-ஆம் பகுதி. முன்னாலும் பக்கவாட்டிலும் மஞ்சள் ஆம்பர், பின்னால் சிவப்பு. கேபின், ஸ்லீப்பர் பேனல், ஏர் கிளீனரின் முன்பக்கம் ஆகியவை ஆம்பர். மட்ஃபிளாப்புக்கு மேலுள்ள பின் பார் சிவப்பு. கண்ணாடி தெளிவாக இருக்கலாம், வெளிவரும் ஒளி என்ன நிறம் என்பதே கணக்கு.

கூடுதல் விளக்கு வைக்கத் தடையில்லை. ஆனால் கட்டாய விளக்குகளின் பயனை அது கெடுக்கக் கூடாது. கேபின் கூரையில் நடுவே உள்ள மூன்று அடையாள விளக்குகளையோ, இண்டிகேட்டரையோ, ரிஃப்ளெக்டரையோ பேனல் மறைத்தால் அது குற்றம். 1997 ஜூலை 1-க்குப் பின் தயாரான டிராக்டர்களுக்கு (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) பின்புறம் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை கட்டாயம். பளபளப்பான தகடு போடும் ஆசையில் அதை உரித்துவிடுகிறார்கள்.

393.25-ஆம் விதிப்படி வெளிவிளக்குகள் எல்லாம் நிலையாக எரிய வேண்டும். இண்டிகேட்டர், ஹசார்டு, பழுது வண்டி இழுப்பவை, அளவு மீறிய சரக்கு, அவசர வண்டிகள் போன்றவற்றுக்கே விலக்கு. எனவே ஓடி ஓடி எரியும், மின்னும் வகைகள் சாலையில் கூடாது. முன்னோக்கிய சிவப்பும் நீலமும் தொல்லையை விலைக்கு வாங்குவதாகும். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 25950-ஆம் பிரிவு முன்னால் தெரியும் ஒளி வெள்ளை அல்லது மஞ்சளாக இருக்க வேண்டும் என்கிறது. ஆம்பரோடு ஊதா, பச்சை என்று இரு நிறம் காட்டும் விளக்கு வாங்கினால் இரண்டாம் நிறத்துக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். ஷோவிலும் பார்க்கிங்கிலும் மட்டும் அது போதும்.

அலங்கார விளக்கு ஒன்று எரியாவிட்டால் டிக்கெட் உண்டா?

393.9-ஆம் விதி எரிந்தே ஆக வேண்டும் என்று சொல்வது கட்டாய விளக்குகளை மட்டும். கூடுதல் விளக்குகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இருந்தாலும் செத்த விளக்கு ஒரு ஆய்வாளரின் கண்ணை இழுக்கும். இழுத்த கண் வேறு இடங்களுக்கும் போகும்.

பேனலை வண்டியில் ஏற்றும் முறை?

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். இந்த வண்டிகளில் மூன்று, நான்கு பேட்டரிகள் இணையாக இருக்கும், ஒன்றை மட்டும் கழற்றினால் பயனில்லை. பாதுகாப்புப் படலத்தைப் பின்புறத்தில் மட்டும் உரித்துவிட்டு, மாஸ்கிங் டேப்பால் பேனலை இடத்தில் நிறுத்திப் பார்க்கவும். இப்போது கேபினின் காற்றுப் பையிலிருந்து காற்றை இறக்குங்கள். கேபின் தாழும், சட்டகத்தில் இருக்கும் படியும் டூல் பாக்ஸும் தாழாது. காற்று ஏறிய நிலையில் அழகாக உட்கார்ந்த பேனல், காற்று இறங்கியதும் படியின் மேல் போய் இடிக்கிறதா என்று அப்போது தெரியும்.

ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளையே முடிந்தவரை பிடிமானமாகக் கொள்ளுங்கள். புதுத் துளை போட வேண்டுமானால், உள்ளே வயரோ காற்றுக் குழாயோ போகிறதா என்று பார்த்துவிட்டு, டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்தவும். பேனலின் நடுத்துளை மட்டும் வட்டமாக இருக்கட்டும், மற்றவை நீள்துளையாக இருக்கட்டும். கேபினின் அலுமினியம் பேனலின் எவர்சில்வரைவிட அதிகமாக விரியும். ஐந்தடி நீளத்தில் கோடைக்கும் பனிக்கும் நடுவே அரை மி.மீ. அளவு வித்தியாசம் வரும். எல்லாத் துளையும் இறுக்கமாக இருந்தால் தகடு அலையடித்துவிடும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, கையால் இறுக்கவும். எவர்சில்வர் போல்ட்டும் எவர்சில்வர் நட்டும் உராய்ந்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இம்பாக்ட் துப்பாக்கி வைத்தால் பாதியில் சிக்கி நின்றுவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரையில் ஆன்ட்டி-சீஸ் தடவுங்கள். வேலை முடிந்த அன்றே முன்பக்கப் படலத்தை உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் ஒட்டிப் போய்விடும்.

வண்டியில் வைத்துக்கொண்டே வெல்டிங் செய்து பிடிமானம் வைப்பது வேண்டவே வேண்டாம். இன்ஜின் கணினி போனால் பேனலின் விலை ஒரு பொருட்டே இல்லை.

டபுள் டேப் மட்டும் போதாதா?

3எம் வி.எச்.பி. வகை டேப் கணக்குப்படி தாங்கும். ஒரு பவுண்டு எடைக்கு நான்கு சதுர அங்குலம் என்பது பொதுக் கணக்கு. 60-க்கு 4 அங்குலம், 16 கேஜ் தகடு சுமார் 2 கிலோ. மடிப்பும் விளக்கும் சேர்ந்து 3 கிலோ, அதாவது ஆறரைப் பவுண்டு என்று வைத்தால் 27 சதுர அங்குலம் போதும். அரை அங்குல டேப் இரண்டு வரிசை ஒட்டினாலே 60 ஆகிவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் விழக் காரணம் ஒட்டிய விதம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைக்காமல், மெழுகு போட்ட பெயின்ட் மீது ஒட்டுவது ஒன்று. 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரில் ஒட்டுவது இன்னொன்று. ஒட்டி முடித்ததும் பிரஷர் வாட்டரில் கழுவுவது மூன்றாவது. இந்த டேப் அறை வெப்பத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 90 விழுக்காடு பிடிக்கும், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். எல்லாம் சரியாகச் செய்தாலும், ஆள் ஏறும்போது காலால் உதைபடும் பேனலில் இரு முனைக்கும் ஒரு போல்ட்டாவது இருக்கட்டும்.

பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி வருகிறதே?

அது அலுமினியம் அரிப்பு. இந்த வண்டிகளின் கேபின் அலுமினியம், பேனல் எவர்சில்வர். நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகின்றன, அதில் கரைவது அலுமினியம். உலோகமும் உலோகமும் தொடாமல் இருப்பதே மருந்து. பின்புறம் முழுக்க நுரை டேப், போல்ட்டுக்கு நைலான் வாஷர், துளையின் ஓரத்தில் பிரைமர், மரையில் டெஃப்-ஜெல் போன்ற தடுப்புப் பசை.

அலுமினிய ரிவிட் அடிப்பது இதில் மிக மோசமான வழி. பெரிய எவர்சில்வர் பரப்புக்கு நடுவே சின்ன அலுமினியத் தலை, அரிப்பு முழுவதும் அதன் மீதே விழும். ரிவிட் வேண்டுமென்றால் எவர்சில்வர் ரிவிட்டே அடியுங்கள். பேனலின் கீழ் மடிப்பில் தண்ணீர் வடிய இரண்டு மூன்று சிறு துளைகளும் விடுங்கள்.

வெற்றுத் தகட்டில் நானே ஓட்டை போடலாமா?

போடலாம், பொறுமை வேண்டும். எவர்சில்வரில் பிட் வெட்டாமல் தேய்ந்தால் அந்த இடம் கடினமாகிவிடும், அதன்பின் எந்தப் பிட்டும் இறங்காது. கோபால்ட் பிட், மெதுவான வேகம், நல்ல அழுத்தம், கட்டிங் ஆயில். முதலில் சிறுதுளை, பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்டில் நிமிடத்துக்கு 300 சுற்றுக்குள். சீவல் சுருளாக வர வேண்டும். பொடியாகவும் புகையாகவும் வந்தால் நிறுத்துங்கள்.

பஞ்ச் செட் வைத்து அடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் முக்கால் அங்குல பஞ்ச் என்பது வயர் போகும் முக்கால் அங்குல கான்டியூட் குழாய்க்கானது, அது போடும் ஓட்டை 1.1 அங்குலத்துக்கு மேல். அரை அங்குல கான்டியூட் பஞ்ச் கூட முக்காலைத் தாண்டிவிடும். முதல் ஓட்டையைக் கழிவுத் தகட்டில் அடித்துப் பாருங்கள்.

கரன்ட் எங்கிருந்து எடுப்பது?

379 போன்ற பழைய வண்டியில் மார்க்கர் சுவிட்ச்சின் வயரிலிருந்து நேரடியாக எடுக்கலாம். பின்பக்கம் டிரெய்லர் சாக்கெட்டுக்குப் போகும் ஏழு வயரில் கறுப்பு மார்க்கருக்கு, பழுப்பு டெயில் விளக்குக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த். நீலத்தைத் தொடாதீர்கள். அது டிரெய்லர் ஏ.பி.எஸ்.-க்குப் போகிறது.

புதிய வண்டிகளில் விளக்குகளைக் கணினிப் பெட்டி இயக்குகிறது. ஃப்ரைட்லைனர் கஸ்கேடியாவில் சாம் எனப்படும் பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இவ்வளவுதான் கரன்ட் என்று அதில் வரம்பு இருக்கும். மீறினால் அந்த வரிசையையே அணைத்துவிடும், டேஷில் பிழையும் காட்டும். அங்கே ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டை இயக்கும் சுவிட்ச்) வையுங்கள். அதன் முனைகளில் எண்கள் இருக்கும். மார்க்கர் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, விளக்கு வரிசை 87-க்கு. இப்போது கணினி ரிலேயின் சுருளுக்கு மட்டும் 0.2 ஆம்பியர் அளவில் கொடுத்தால் போதும். டயோடு உள்ளே இருக்கும் ரிலேயாக வாங்குங்கள். அந்த வகையில் 85, 86 மாறக் கூடாது. சில வண்டிகள் மார்க்கருக்குத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும், அங்கே சாதாரண ரிலே கடகடவென அடித்துக்கொள்ளும். அப்படியானால் வண்டியில் கூடுதல் கருவிகளுக்கென்று விட்டிருக்கும் சுவிட்ச்சைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை கேஜ் வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

சிறு எல்.ஈ.டி. விளக்கு ஒன்று சுமார் 0.06 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். 20 விளக்குக்கு 1.2 ஆம்பியர். அதே இடத்தில் பழைய 194 எண் பல்பு இருந்தால் ஒன்றுக்கு 0.27, இருபதுக்கு 5.4. எல்.ஈ.டி. வரிசைக்கு 18 கேஜ் வயரே தாங்கும். 25 அடி போய்த் திரும்பினாலும் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள். ஆனாலும் எல்லா விளக்கும் சேரும் முதுகெலும்பு வயரை 16-இல் இழுங்கள், இழுபடும்போது அறுந்து போகாது. ஃபியூஸ் 5 ஆம்பியர், கரன்ட் எடுக்கும் இடத்திலிருந்து ஓர் அடிக்குள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, அதனால் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் போட்டால் அடுத்து எரிவது வயர்தான்.

ஒரு பக்கத்துக்கு 20 விளக்கு என்றால் 16 கேஜ் சிவப்பு 40 அடி, வெள்ளை 40 அடி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும்) கனெக்டர் 50, வயர் உறைக்குழாய் 25 அடி, ரப்பர் போட்ட கிளாம்ப் 20 என்று வாங்கினால் மிச்சம்தான் வரும். டி.பி.எஃப். தேங்கிய கரியை எரிக்கும் மீளெரிப்பின்போது புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியசை நெருங்கும். அதற்கும் புகைக்குழாய்க்கும் அருகே வயர் போகக் கூடாது. பிரேக் காற்றுக் குழாயோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

எர்த்தை பேனலிலேயே எடுக்கலாமா?

கூடாது. விளக்குக் கோளாறு என்று வருவதில் பாதிக்கு மேல் எர்த் கோளாறு. பேனலை அலுமினியத்திலிருந்து பிரித்து வைத்துவிட்டோம், எனவே அது எர்த் ஆகாது. ஆனாலும் போல்ட் வழியாக அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு இரண்டு மாதம் எரியும், அப்புறம் விட்டு விட்டு எரியும். ஒவ்வொரு விளக்கின் வெள்ளை வயரையும் ஒரு பொது வயரில் சேர்த்து, பேட்டரி நெகட்டிவுக்கோ வண்டியின் எர்த் ஸ்டட்டுக்கோ கொண்டுபோங்கள்.

சோதிக்க, விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கடைசி விளக்கின் எர்த்திலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ துருவோ தளர்ந்த இணைப்போ இருக்கிறது.

வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல கிளிப் எளிதாக இருக்கிறதே?

கேபினுக்குள் இருக்கலாம், வெளியே வேண்டாம். அது வயரின் உறையைக் கிழிக்கிறது, அந்த வழியே உப்புத் தண்ணீர் ஏறி, செம்பு பல அடி தூரத்துக்குப் பச்சையாகிவிடும். பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் கனெக்டர் போட்டு, சூடு காட்டி, ஓரத்தில் பசை பிதுங்குவதைப் பார்த்துவிட்டு விடுங்கள். பிளக்குகளுக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ். சோதனை விளக்கின் ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அந்தத் துளையும் அதே வேலையைத்தான் செய்யும்.

கோளாறுகள்: எந்த அறிகுறிக்கு என்ன காரணம்?

ஒரு இடத்துக்கு அப்பால் வரிசை முழுதும் அணைந்தால் அந்த இடத்து இணைப்பைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் சிமிட்டினால் தளர்ந்த எர்த், அல்லது துடிப்பு மின்சாரம். சுவிட்ச்சை அணைத்த பின்னும் மெல்ல ஒளிர்ந்தால் விளக்கு இருக்கிறதா என்று பார்க்கக் கணினி அனுப்பும் சிறு மின்சாரம் காரணம், ரிலே வைத்தால் போய்விடும். மார்க்கர் போட்டால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் மூன்று வயர் விளக்கின் எர்த் அறுந்து, கரன்ட் அடுத்த வரிசை வழியாகத் திரும்புகிறது. மழையில் மட்டும் ஃபியூஸ் போனால் வயர் ஏதோ ஒரு விளிம்பில் உரசி உறை தேய்ந்திருக்கிறது. தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் கிராமெட் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சாலையை வெளிச்சமாக்கும் எல்.ஈ.டி. பார் வைக்கலாமா?

பண்ணை, சுரங்கம், மரம் வெட்டும் காடு போன்ற தனியிடத்தில் தாராளமாக. பொதுச் சாலையில் எரியவிடக் கூடாது. விற்பவற்றில் பெரும்பாலானவை சாலைக்கான ஒளித்தரம் பெறாதவை, எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். சில மாநிலங்களில் சாலையில் போகும்போது மூடி போட்டிருக்க வேண்டும். வயர் கணக்கும் வேறு. 120 வாட் பார் 10 ஆம்பியர் எடுக்கும், 12 கேஜ் வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, டேஷில் எரிகிறது என்று காட்டும் சுவிட்ச் வேண்டும். டிரெய்லர் கோக்கும் இடத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்பவர்கள் ஸ்லீப்பருக்குப் பின்னால் சிறு வொர்க் லைட் இரண்டு வைத்து, கீழ்நோக்கித் திருப்புங்கள். வண்டி நகரும்போது அணைத்துவிடுங்கள்.

ஊரிலிருந்து லாரி விளக்கு கொண்டுவந்து இங்கே மாட்டலாமா?

இந்தியக் கனரக லாரிகள் 24 வோல்ட். அந்த விளக்கு 12 வோல்ட்டில் மங்கும், அல்லது எரியவே எரியாது. 10 முதல் 30 வோல்ட் வரை என்று எழுதியிருந்தால் எரியும். ஆனால் கட்டாய விளக்கின் இடத்தில் வைக்க எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 108 தரம் வேண்டும்.

கழுவும்போது கவனிக்க வேண்டியது?

அலுமினியச் சக்கரத்துக்குத் தெளிக்கும் அமில பிரைட்னரை டிரக் வாஷில் வண்டி முழுக்க அடித்துவிடுவார்கள். அது எவர்சில்வரில் வெண்கறை விடும், விளக்கின் கண்ணாடியை மங்கலாக்கும். பேனல் பக்கம் சோப்பு மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரஷர் நாசிலை விளக்கின் கிராமெட்டுக்கு நேரே பிடிக்க வேண்டாம். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பேனலின் பின்மடிப்பில் வெறும் தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடித்து உப்பை வெளியேற்றுங்கள். கறை தேய்க்க இரும்பு நார் கூடாது. அதன் துகள் தகட்டில் பதிந்து துருப்பிடிக்கும், 304-உம் துருப்பிடித்துவிட்டது என்று தோன்றும்.